இல்லாத கல்லுக்கு வாழைத்தண்டுச் சாறு

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. சிதம்பரத்தில் தூறல். குடை பிடித்தால் கைதான் வலிக்கும், பிடிக்காவிட்டால் தலை நனைந்துவிடும், அப்படிப்பட்ட தூறல். எங்கள் கிளினிக்கின் மாடி அறையில் சிவலிங்கம் கட்டிலில் படுத்துக்கொண்டு சட்டைப் பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தார். அந்த வைத்தியத்துக்குச் சட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. அவர் நான்காவது முறையாக வருகிறவர், அது அவருக்கே தெரியும்.

"ஏன் சட்டையக் கழட்டறீங்க?" என்றேன்.

"புழுக்கமா இருக்கு சார்."

மழை நாள். தலைக்கு மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. நான் ஜெல் பாட்டிலைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டேன்.

சிறுநீரக கிளினிக்குகளில் அதிர்வலை மிஷின் இயக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் இந்த வேலை பார்த்தேன். முதல் இருபத்து மூன்று வருடம் கல் உடைக்கும் மிஷின் மட்டும். கடைசி எட்டு வருடம், அதோடு சேர்த்து, ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் அதிர்வலை. மிஷினை எப்படி ஓட்டுவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குக் கம்பெனி ஆள் வருவார், சொல்லித்தருவார், நம் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் போவார்.

கல் உடைக்கும் அலை முரடு. இது அதே குடும்பத்தில் பிறந்த சாது. ஜெல் தடவிக் கைப்பிடியை வைத்தால் டிக், டிக் என்று சத்தம் கேட்கும். வலி இருக்காது. ரத்த ஓட்டம் கூடும் என்ற எதிர்பார்ப்பில் கொடுப்பது. சிலருக்குப் பலன் தெரியும், சிலருக்குத் தெரியாது. எங்கள் டாக்டர் இதை முதல் நாளே சொல்லிவிடுவார். நீங்களும் சொல்லுங்கள். கேரண்டி என்ற வார்த்தை அந்த அறைக்குள் வரவே கூடாது. ஒவ்வொரு அடியையும் மிஷினே எண்ணிக் காட்டும். நானும் கூடவே எண்ணுவேன். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல்களை எண்ணுகிறவன் நான்.

எங்களுக்குக் கடலூரில் ஒரு கிளினிக், சிதம்பரத்தில் ஒரு கிளை. வியாழக்கிழமை மட்டும் நான் சிதம்பரம். இந்த வைத்தியத்துக்கு வருகிறவர்கள் யாரும் சொந்த ஊர்ப் பக்கம் செய்துகொள்ளமாட்டார்கள். குமராட்சிக்காரர் சிதம்பரத்தைத் தாண்டிக் கடலூருக்கு வருவார். நெல்லிக்குப்பத்துக்காரர் கடலூரைத் தாண்டிச் சிதம்பரத்துக்குப் போவார். சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒருவர், வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறுவார். இவர்கள் எல்லாம் புதுச்சத்திரம் பக்கத்தில் எதிரும் புதிருமாகக் கடந்துபோவார்கள் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

வீட்டில் என்ன சொல்வது? அதற்கு எங்கள் வாசல் போர்டே உதவியது. அதில் பெரிதாக, கல் உடைக்கப்படும் என்று எழுதியிருக்கும். ஆகவே எல்லோருக்கும் கிட்னியில் கல். ரிசப்ஷனிலும் அப்படித்தான் பேசுவார்கள். "கல்லு பேஷண்ட் வந்துட்டாரு, மேல அனுப்பட்டுமா?" நிஜமாகவே கல் உள்ளவர்கள் வலியில் சுருண்டு வருவார்கள். இவர்கள் தலை வாரிக்கொண்டு வருவார்கள். எங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

சிவலிங்கம் கடலூருக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். பெயரை மாற்றியிருக்கிறேன். நாற்பத்தெட்டு வயது. மனைவியின் தம்பியோடு பங்கு சேர்ந்து ஒரு போட் வைத்திருந்தார். ஒன்பது வருடமாகச் சுகர். மூன்றாவது முறை வந்தபோது அவரிடம் ஏதோ பச்சை வாடை அடித்தது. கேட்டேன்.

"வாழத்தண்டு சாறு சார். தெனம் காலைல ஒரு சொம்பு. எம் பொண்டாட்டி அரைச்சி வடிகட்டிக் குடுத்துடுது. கல்லு கரைஞ்சிடுமாம்."

"உங்களுக்குத்தான் கல்லே கெடையாதே?"

"அது எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும். அதுக்குத் தெரியாதுல்ல?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "கடல்ல எறங்கறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு சார். போட்ல நிக்க முடியல. அரை மணிக்கு ஒரு தடவ ஒதுங்க வேண்டியிருக்கு."

இதற்கு முன்பே, இரண்டாவது முறை வந்தபோது, இன்னொன்றையும் சொல்லியிருந்தார். மெடிக்கல் ஷாப்பில் தானாகவே விறைப்பு மாத்திரை வாங்கிப் போடுகிறார் என்று. நான் டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் கூப்பிட்டு, சுகர் உள்ள ஆள் என்னைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது, நெஞ்சுவலி மாத்திரையோடு சேர்ந்தால் ஆளையே கொன்றுவிடும் என்று சத்தம் போட்டார். சிவலிங்கம் தலையாட்டினார். மறுவாரம், "நிறுத்திட்டேன் சார்" என்றார். நான் நம்பினேனா என்றால், முக்கால்வாசி நம்பினேன்.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்று அவர் தனியாக வரவில்லை. மச்சினர் கூட வந்திருந்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். மாடிப்படிக்குக் கீழே நனைந்த செருப்போடு நின்றுகொண்டு என்னிடம் கேட்டார். "சார், மாமாவுக்குக் கல்லு எம்மாம் பெருசு?" நான், "டாக்டரத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன். இந்தப் பதிலை நான் எட்டு வருடத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பதுதான் நான் எண்ணாமல் விட்ட ஒரே கணக்கு.

சிவலிங்கம் சட்டையைக் கழற்றிவிட்டு இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். நெற்றியில் வேர்வை. "நேத்து வல இழுத்தது, தோளு புடிச்சிக்கிச்சி. நீங்க ஆரம்பிங்க சார்."

இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். கீழே ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். ஆரம்பித்தால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். பேஷண்டே ஆரம்பி என்கிறார். முன்பணம் கட்டியிருக்கிறார். டாக்டர் கடலூரில் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறார், போன் எடுக்கமாட்டார். நான் டாக்டர் இல்லை. ஒரு மிஷின் ஆப்பரேட்டர் தன் சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜெல் பாட்டிலின் மூடியைத் திருகி மூடினேன். "இன்னிக்கி வேணாம்" என்றேன்.

"காசு கட்டியாச்சே சார்."

"காசு எங்கியும் போவாது. எழுந்திரிக்காதீங்க."

அவரைப் படியில் நடக்கவிடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நானும் மச்சினருமாகத் தூக்கி இறக்கினோம். பதினெட்டுப் படி. அறுபத்தொன்பது வயதில் இது எனக்கு ஆகாத வேலை. என் மூட்டு அதற்குப் பிறகு பதினொரு நாள் வலித்தது. என் குடையையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் மச்சினர், "ஒண்ணியும் இல்ல மாமா, கல்லு எறங்குது, அதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சிவலிங்கம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு ஒரே அர்த்தம்தான், சொல்லிடாதீங்க.

அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். என் பேத்தியைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தலைமுடியைப் பேனாவைச் செருகி முடிந்துவைத்திருந்தார்.

"என்ன பண்ணுது?"

பேஷண்ட் வாயைத் திறப்பதற்குள் மச்சினர் சொன்னார். "கிட்னி கல்லுங்க மேடம். அதுக்கு ஷாக் வெச்சிக்கத்தான் வந்தோம். அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சி."

"வலி எங்க இருக்கு? முதுகுலயா, இடுப்புலயா?"

"தோளுலயும் தாடையிலயும்" என்றார் சிவலிங்கம்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குமேல் அவர் கல்லைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஈசிஜி எடுக்கச் சொன்னார். பணம் கட்ட மச்சினரால் பர்ஸின் ஜிப்பைத் திறக்க முடியவில்லை. நான் கட்டினேன். காகிதம் வெளியே வந்தது. டாக்டர் அதைப் பார்த்த வேகத்தில் மூன்று மாத்திரையின் பெயரைச் சொன்னார். அதில் ஒன்று நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. நெஞ்சுவலிக்குக் கொடுப்பது. ரத்தக்குழாயை விரித்துவிடும்.

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"சுகர் மாத்திர மட்டும்தான்."

"வேற? நாட்டு மருந்து, மெடிக்கல்ல வாங்கினது, எதாவது?"

சிவலிங்கம் மச்சினரைப் பார்த்தார். "இல்ல."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"இல்ல மேடம்."

மூன்று முறை கேட்டுவிட்டார். ஒரு டாக்டர் இதற்குமேல் என்ன செய்ய முடியும்? அந்த வயதில் மூன்று முறை கேட்கிற பொறுமை எனக்கு இருந்ததில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம்மிடம் வருகிறவர்கள் பலர் போடுகிற அந்த மாத்திரையும், நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் ஒரே உடம்பில் சேரக் கூடாது. இரண்டும் ரத்தக்குழாயை விரிக்கும். சேர்ந்தால் பிரஷர் அப்படியே கீழே போய்விடும், ஏற்கெனவே திணறுகிற இதயம் நின்றுபோனாலும் போகும். ஆனால் அவர் நிறுத்திவிட்டேன் என்று சொன்னவர். நிறுத்தியிருந்தால், நான் வாயைத் திறப்பது ஒரு மனிதரின் மானத்தை அவர் மனைவியின் தம்பி முன்னால் சும்மா அவிழ்த்துப் போடுவதாகும். நாளைக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒரே போட்டில் கடலுக்குப் போக வேண்டும்.

முதலில் மச்சினரை அனுப்பப் பார்த்தேன். "தம்பி, வெளிய போயி ஒரு டீ வாங்கிட்டு வாங்க. எனக்குத் தல சுத்துது."

"நீங்க குடிச்சிட்டு வாங்க சார். நா எங்கியும் போவமாட்டேன்."

"தண்ணி பாட்டிலாவது…"

"போவமாட்டேன்னு சொல்றேன்ல சார்" என்று கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் மாத்திரையைப் பிரித்துவிட்டார். "வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க" என்றார். சிவலிங்கம் வாயைத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கண் மூடிய விதத்தில்தான், நான் நம்பாமல் விட்ட கால்வாசிதான் நிஜம் என்று தெரிந்தது. நிறுத்தவில்லை.

கடையில் எல்லோரும் சொல்கிற பெயரைச் சொன்னால் மச்சினருக்கு உடனே புரிந்துவிடும். அதனால் மருந்தின் மூலப்பெயரைச் சொன்னேன். "மேடம், சில்டெனாஃபில். போட்டிருக்கலாம்."

நர்ஸின் கை அந்தரத்தில் நின்றது. டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் ஏதோ மணி பதினொன்று ஐம்பது என்று சொன்னதுபோல இருந்தார். "அந்த மாத்திர வேணாம், கீழ வைங்க சிஸ்டர், ஆஸ்பிரினை மட்டும் குடுங்க" என்றார். பிறகு மச்சினரிடம், "யூரின் டியூப் போடணும். ஸ்க்ரீன இழுக்கப்போறோம். ஆம்பளைங்க எல்லாம் ரெண்டு நிமிஷம் வெளிய" என்றார். நான் டீயையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு செய்ய முடியாததை, ஒரு வரியில் செய்துவிட்டார். மச்சினர் கம்பியை விட்டுவிட்டு வெளியே போனார்.

நானும் போகத் திரும்பினேன். "நீங்க இருங்க" என்றார். குனிந்து, சிவலிங்கத்திடம், காலையில் இட்லி சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் கேட்டார். "அண்ணே, அந்த மாத்திரை எப்ப போட்டீங்க?"

"நேத்து ராத்திரி. ஒம்போது மணி இருக்கும்."

"எத்தன?"

"ஒண்ணு. அப்புறம் பாதி."

"சரி. அது தெரிஞ்சதால வேற மருந்து குடுக்கறோம். இத யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. மேல பார்க்கற டாக்டருங்களுக்கு மட்டும் நானே சொல்லிடறேன்."

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்கவில்லை. இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று சொல்லவில்லை. நர்ஸைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிவலிங்கத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. "அத நாக்குல வெச்சிக்கிட்டு செத்துட்டாலும் பரவால்லன்னு நெனச்சிட்டேன் மேடம்" என்றார்.

"அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்ணே. நீங்க மூச்ச மட்டும் நல்லா இழுத்து விடுங்க."

ஆம்புலன்ஸ் வந்து பாண்டிச்சேரிக்கு ஏற்றிவிட்ட பிறகு, வராந்தாவில் அவரிடம் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னேன். "அவர் நிறுத்திட்டேன்னு சொல்லியிருந்தார் மேடம். எனக்கு நிச்சயமாத் தெரியாது. அதான் கொஞ்சம் தயங்கிட்டேன்."

"நிச்சயமாத் தெரிஞ்சத பேஷண்டே சொல்லிடுவாங்க சார். கூட வர்றவங்க எங்களுக்குச் சொல்ல வேண்டியது சந்தேகத்தத்தான்" என்றார். சொல்லிவிட்டுக் கொண்டைப் பேனாவை உருவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பெயர் கேட்கத் தோன்றவில்லை. பிறகு இரண்டு வியாழக்கிழமை அந்த ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன். பயிற்சி முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். முப்பத்தொரு வருடத்தில் எனக்குக் கிடைத்த கடைசிப் பாடம், மூன்று நிமிடத்தில், ஒரு கட்டில் ஓரத்தில். அதற்கு நன்றி சொல்ல இந்தப் பக்கங்களைத் தவிர எனக்கு வழி இல்லை.

நன்றி சொல்ல இன்னொருவரும் உண்டு, எங்கள் டாக்டர். சாயங்காலம் போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பேஷண்டின் விஷயத்தை வெளியே சொன்னதற்குத் திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். ஈசிஜியில் என்ன இருந்தது என்று கேட்டார். பிறகு, "விறைப்புக்கு ரத்தம் போற குழாய் இதயக் குழாயைவிடச் சின்னது. அடைப்பு அங்கதான் முதல்ல காட்டும். நாம அதுக்கு மிஷின் வெச்சிட்டு இதயத்தப் பாக்காம விட்டிருக்கோம்" என்றார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து எங்கள் இரண்டு கிளினிக்கிலும் ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் பார்க்காமல் யாருக்கும் கைப்பிடியை எடுக்கக் கூடாது என்று ஆயிற்று.

கல் என்ற பேச்சை நாங்கள் நிறுத்தவில்லை. மனிதர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன். மாத்திரை போடுகிற ஒவ்வொருவரையும் அதன் மூலப்பெயரை என் எதிரில் ஐந்து முறை சொல்லவைப்பேன். "வீட்ல கல்லுன்னு சொல்லிக்கங்க, ஊர்ல கல்லுன்னு சொல்லிக்கங்க. எந்த ஊர்ல நெஞ்சு வலிச்சாலும் டாக்டர்கிட்ட மட்டும் இந்தப் பேரச் சொல்லுங்க." பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஒப்பிப்பார்கள். சிரிப்பு வரும். நீங்களும் சொல்லவையுங்கள்.

பொங்கல் கழிந்து ஒரு செவ்வாய்க்கிழமை, கடலூர் கிளினிக்குக்கு அந்த மச்சினர் வந்தார். ஒரு கையில் வஞ்சிர மீன், இன்னொரு கையில் புதுக் குடை.

"ஒங்க குட அன்னிக்கி ஆட்டோவுல போயிடிச்சின்னு மாமா சொன்னாரு சார்."

"என்னது கறுப்பு."

"கடையில நீலந்தான் இருந்துது."

மாமா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்களாம். கடலுக்கு இன்னும் போகவில்லை, கரையில் இருந்து கணக்குப் பார்க்கிறாராம். பிறகு மச்சினர் குரலைத் தாழ்த்தினார். "சார், அன்னிக்கி நீங்க சொன்ன அந்த மாத்திர பேரு, எம் மனசுல அப்படியே நின்னுடிச்சி. ஊருக்குப் போயி மெடிக்கல்ல கேட்டேன். கடக்காரப் பையன் சிரிச்சான்."

மூலப்பெயர் சொன்னதை ஏதோ பெரிய சாமர்த்தியம் என்று இரண்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். "உங்க அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"நா என்னா சொல்றது? அக்காதான் சார் என்ன அன்னிக்கி கூட அனுப்பிச்சிதே. 'ஒங்க மாமனுக்குக் கல்லும் இல்ல ஒண்ணும் இல்ல. எந்தப் பக்கம்னு கேட்டா ஒரு நாளு லெஃப்டுன்றாரு, ஒரு நாளு ரைட்டுன்றாரு. அவரு எதுக்குப் போறாருன்னு எனக்குத் தெரியும். ஆனா மொகம் சரியில்ல. நீ கூடப் போ, யாரு சொன்னாலும் பக்கத்துல இருந்து நவுராத'ன்னுச்சி."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது.

"தெரிஞ்சிருந்துமா தெனம் சாறு அரைச்சிக் குடுத்தாங்க?"

"அவரு சொன்னத நம்புன மாதிரி இருக்கணுமில்ல சார்? இப்பவும் குடுக்குது. மாமா இப்பவும் குடிக்கிறாரு. நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கினே இருக்கோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, உங்களுக்கு எப்போதாவது படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று அவரைக் கேட்டுவைத்தேன். வழக்கம். இல்லை என்றார்.

மாமா கொடுத்தனுப்பியது என்று ஒரு கவரை நீட்டினார். வாங்கவில்லை. மீனை வாங்கிக்கொண்டேன். என் மனைவி பதினொரு துண்டு போட்டாள்.

மார்ச் மாதம் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். நீலக் குடை நன்றாகத்தான் இருக்கிறது, கைப்பிடி மட்டும் கொஞ்சம் வழுக்கும். அந்த வியாழக்கிழமைக்கு ஆன செலவை எழுதி முடிக்கிறேன். ஆட்டோ நூற்றிருபது. ஈசிஜி இருநூற்றைம்பது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் மச்சினருக்கும் எனக்கும் இரண்டு டீ, முப்பது. தொலைந்த குடை முந்நூற்றிருபது, அதற்குப் பதில் வந்துவிட்டதால் கழித்துவிடுகிறேன். சிதம்பரம் போய்வந்த பஸ் எப்படியும் ஆகியிருக்கும், அதைச் சேர்க்கவில்லை. மீனுக்கு நான் விலை போடவில்லை. ஆக மொத்தம் நானூறு ரூபாய்.